எடை குறைய வேண்டும், உடம்பு கெடக் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உடம்பைக் குறைக்க வருகிறவர்கள். உள்ளே வந்ததும் நாற்காலியைப் பார்த்து ஒரு கணம் தயங்குவார்கள், கைப்பிடிக்கு நடுவே உட்கார முடியுமா என்று. அதனால் என் அறையில் கைப்பிடி இல்லாத நாற்காலிதான் போட்டிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சர்க்கரை, பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று எதற்காவது மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் மாற்ற வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

எனக்கு இருப்பது உடல் பருமனா, இல்லை கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறேனா?

கிலோவில் உங்கள் எடையை, மீட்டரில் உங்கள் உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். வருகிற எண்தான் பி.எம்.ஐ. உயரம் 1.60 மீட்டர், எடை 72 கிலோ என்றால் 28 வரும். உலக அளவில் 30-ஐத் தாண்டினால்தான் உடல் பருமன் என்பார்கள். நமக்கு அந்தக் கோடு கீழே இருக்கிறது: 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன். காரணம், அதே எடையில் ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் சேர்கிறது, சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது.

அதனால் தராசோடு ஒரு தையல் டேப்பும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் வரம்பு. கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் இருந்தாலும் இது உங்களுக்குப் பொருந்தும்.

நீங்கள் தனி ஆளும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

வாயைக் கட்டத் தெரியாததால்தானே எனக்கு இப்படி? இது என் தப்புதானே?

தப்பில்லை. இதைக் கேட்கும்போது பலருக்குக் கண் கலங்கிவிடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எவ்வளவு பசிக்கும், எப்போது வயிறு நிறைந்ததாகத் தோன்றும், கொழுப்பு எங்கே சேரும் என்பதில் பாரம்பரியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தைராய்டு குறைவு, பெண்களுக்கு சினைப்பை நீர்க்கட்டி, பிரசவம், மாதவிடாய் நிற்கும் பருவம் எல்லாம் எடையைக் கூட்டலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கான சில மாத்திரைகள் எடை போட வைக்கும். (இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.) ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். பகலில் நாலு மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்குகிறார்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் பொரித்ததற்கும் மனம் ஓடும்.

எடை கொஞ்சம் குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன, போதும் என்று சொல்கிறவை குறைகின்றன, செலவழியும் சக்தியும் குறைகிறது. மாதக்கணக்கில் இப்படியே இழுத்துப் பிடிக்கும். பழைய எடைக்குத் திரும்பியவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்கிறவர்களுக்கு இந்த இழுபறி தெரியாது.

வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் அக்காவிடம் நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதினேன். கணக்குப்படி ரொம்பக் குறைவு. "வேற ஒண்ணுமே சாப்பிடறதில்லையா?" என்றேன். யோசித்துவிட்டு, "ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில இருக்கறத வழிச்சுப் போட்டுக்குவேன், கொட்ட மனசு வராதில்ல" என்றார். பத்தரை மணிக்கு, நின்றபடியே, பசியில்லாமல் சாப்பிடுகிற சாப்பாடு அது. அதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே அவர் சேர்க்கவில்லை. மறுநாளிலிருந்து அரை ஆழாக்கு அரிசி குறைத்து வைக்கச் சொன்னேன். பட்டினியும் இல்லை, பொடியும் இல்லை. முதல் இரண்டு மாதம் அவருக்கு நான் சொன்ன பெரிய மாற்றம் அது ஒன்றுதான்.

எத்தனை கிலோ குறைக்க வேண்டும்? எவ்வளவு வேகமாக?

கல்யாணத்தன்று இருந்த எடைக்குப் போக வேண்டும் என்று பலர் வருகிறார்கள். முதல் இலக்கை அவ்வளவு தூரத்தில் வைக்காதீர்கள். இப்போதுள்ள எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, மாதவிடாய் ஒழுங்கு எல்லாவற்றிலும் பலன் தெரியும். 90 கிலோ இருப்பவருக்கு அது நாலரை முதல் 9 கிலோ.

வாரத்துக்கு அரை கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ. முதல் ஒன்றிரண்டு வாரம் இதைவிட வேகமாக இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். மின்கம்பத்தில் 'ஒரே மாதத்தில் 10 கிலோ' என்று ஒட்டியிருப்பதை நம்பிப் போகாதீர்கள். அவ்வளவு வேகமாகக் குறைந்தால் தசையும் சேர்ந்து கரையும், பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். தசை போய்விட்டால் அப்புறம் எடை ஏறுவதும் சுலபம். மருத்துவர் நேரடியாகக் கண்காணித்துக் கொடுக்கும் மிகக் குறைந்த கலோரி உணவுமுறை வேறு விஷயம், அதை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது.

எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அடுத்த பொங்கலுக்கும் இதையே செய்துகொண்டிருக்க முடியுமா? முடியாது என்று தோன்றினால் இன்றைக்கே வேண்டாம்.

தராசு அசையவே இல்லை என்றால், செய்ததெல்லாம் வீணா?

இல்லை. இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்து இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு சென்னையில் நடந்தது, 2006-ல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், வெறும் பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இடுப்பளவு, சர்க்கரை அளவு, மாடி ஏறினால் வாங்குகிற மூச்சு, இவற்றையும் எழுதி வையுங்கள்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். அளக்க வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. நம் தட்டைப் பார்த்தாலே இது புரியும். சோறு மலை மாதிரி இருக்கும், பொரியல் ஓரத்தில் ஒரு கை அளவு.

என்னிடம் வருகிறவர்களை அவரவர் வீட்டுத் தட்டையும் கரண்டியையும் கொண்டுவரச் சொல்வேன். பெரம்பூரிலிருந்து வரும் ஒரு சார், "மத்தியானம் ரெண்டே கரண்டி சாதம்தாம்மா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மறுவாரம் பையிலிருந்து அந்தக் கரண்டியை எடுத்தார். பிடி நீண்ட, குழிந்த எவர்சில்வர் கரண்டி, அவர் அம்மா காலத்துச் சீர்ப் பாத்திரங்களோடு வந்தது. என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் இருந்த சோற்றையும் பக்கத்து அறைக்காரர் சோற்றையும் சேர்த்து அதில் அள்ளி, அளவுக் கப்பில் கொட்டினோம். ஒரு கரண்டிக்கு ஒன்றரைக் கப். இரண்டு கரண்டிக்கு மூன்று கப், அதாவது சுமார் 600 கலோரி, குழம்பும் அப்பளமும் சேராமல். அவர் பொய் சொல்லவில்லை, கரண்டிதான் பெரிது. சின்னக் குழம்புக் கரண்டிக்கு மாறினார். "ரெண்டு கரண்டி" என்ற பழக்கம் அப்படியே இருந்தது, அளவு பாதியானது.

தட்டை இப்படிப் பிரியுங்கள்: பாதித் தட்டு காய், கீரை. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி இவற்றில் ஏதோ ஒன்று. காயையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தால் அளவு தானாகக் குறையும். சாம்பாரை மேலாக ஊற்றாமல் அடியிலிருந்து கலக்கி எடுங்கள், பருப்பு அங்கேதான் இருக்கிறது. உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் காய்ப் பங்கில் சேராது, சோற்றுப் பங்கில் சேரும்.

ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிடுகிறேன். சிறுதானியத்துக்கும் மாறிவிட்டேன். ஏன் குறையவில்லை?

சமைக்காத அரிசி, கோதுமை மாவு, தினை, சாமை எதை எடுத்தாலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 330 முதல் 360 கலோரிக்குள்தான். முழுக் கோதுமையிலும் சிறுதானியத்திலும் நார்ச்சத்து கூடுதல், அது நல்லது. ஆனால் எண்ணெய் விட்டுச் சுட்ட நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமாவோடு என்றால் சோறே தேவலாம். தினைப் பொங்கல் நெய் மிதக்கச் செய்தால் அதுவும் பொங்கல்தான்.

புரதம் சாப்பிடு என்கிறார்கள். பவுடர் வாங்க வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஆரோக்கியமாக இருப்பவருக்கு எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க இன்னும் சற்றுக் கூடுதலாகவே சொல்வோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் காலை டிபனில்தான் பெரிய ஓட்டை: இட்லி, தோசை, உப்புமா, தேங்காய்ச் சட்னி. ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறோ சேர்த்தால் பதினொரு மணிக்குப் பசி எட்டிப் பார்க்காது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மத்தி, நெத்திலி, காரப்பொடி எல்லாம் விலை குறைந்த நல்ல மீன்கள். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். சைவம் என்றால் கொண்டைக்கடலை, காராமணி, மீல் மேக்கர், தயிர், பாசிப்பருப்பு. மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் அருமையான தின்பண்டம், பக்கத்துக் கடை மிளகாய் பஜ்ஜியைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

கொள்ளு, சீரகத் தண்ணீர், தேனும் வெந்நீரும்: கொழுப்பைக் கரைக்குமா?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொன்ன பாட்டிமார்களை நான் மதிக்கிறேன். கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம், நிறைய நார்ச்சத்து. வயிறு நிறையும், பசி அடங்கும். கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கொழுப்பைத் தேடிப் போய்க் கரைக்கிற சக்தி கொள்ளுக்கும் இல்லை, சீரகத்துக்கும் இல்லை. வெந்நீரில் விடும் தேன் சர்க்கரையேதான், ஒரு மேசைக்கரண்டியில் 60 கலோரி இருக்கும்.

பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் 'மூலிகைப் பொடி' விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வாங்காதீர்கள். கல்லீரல் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காபி, டீ?

குடியுங்கள். சர்க்கரையைக் குறையுங்கள். ஒரு டபராவுக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு தடவை என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. ஒரே நாளில் நிறுத்தினால் காபியே கசந்துபோகும், வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். ஜூஸ் வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். வெயிலுக்கு நீர்மோர் இருக்க ரோஸ்மில்க் எதற்கு?

எண்ணெய்?

ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர், நெய்யும் இதில்தான் அடக்கம். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனால் எடுத்து விடுங்கள்.

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், கீட்டோ செய்யலாமா?

16 மணி நேரம் சாப்பிடாமல் 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிற முறை சிலருக்குச் சுலபமாக இருக்கிறது. விரதம் இருந்து பழகிய நமக்கு அது புதிதும் இல்லை. ஆனால் மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுவதால்தான் எடை குறைகிறது. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். பட்டினி முடிந்த கையோடு ஒரு ஃபுல் பிரியாணி என்றால் எதுவும் நடக்காது.

இங்கே ஆபத்து மருந்துகளில் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உணவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்வை, படபடப்பு, நடுக்கம், அப்புறம் மயக்கம். கீட்டோ என்பது மாவுச்சத்தை ஏறக்குறைய விட்டுவிட்டுக் கொழுப்பை அதிகம் சாப்பிடுகிற முறை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள், தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினியும் அடக்க முடியாத சாப்பாடுமாக மாறி மாறிப் போகிற பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்த முறைகள் ஆகாது. அவர்களுக்கு மனநல மருத்துவரின் துணை நல்ல பலன் தரும்.

முட்டி வலிக்கிறது. எப்படி நடப்பது?

முட்டி வலிக்கு எடை குறைப்பதே பெரிய மருந்து. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் இறங்கும் பளு சுமார் 4 கிலோ குறைகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். சமதளமான இடம், நல்ல ஷூ. வாரத்துக்கு 150 நிமிடம் என்பதை மூன்று மாதத்தில் எட்டினால் போதும். நடக்கவே முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கை கால் அசைக்கலாம், நீச்சல் தெரிந்தால் முட்டிக்கு அதைவிட நல்லது இல்லை. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போதும். ஜிம் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

எங்கே நடப்பது? மயிலாப்பூரில் நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகரில் டவர் பார்க், தி.நகரில் நடேசன் பூங்கா. அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துக்காக 2023-ல் பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றும் ஒதுக்கினார்கள், முழுதும் நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மொட்டை மாடியும் உதவாது, கூடத்திலேயே நடங்கள். யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூச்சப்பட்டு அதிகாலை இருட்டில் நடக்கிற பெண்கள் என்னிடம் வருகிறார்கள். வெளிச்சத்தில் நடங்கள் தாயே, அந்தப் பூங்கா உங்களுடையதும்தான்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அரை மணி நடையில் செலவாகும் சக்தி ஒரு மசால் தோசைக்குக்கூடக் காணாது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும், குறைந்த எடை மறுபடி ஏறாமல் இருப்பதற்கும் நடை அவசியம். எடையைக் குறைக்கிற வேலையில் பெரும்பங்கு தட்டில்தான் நடக்கிறது.

நாலைந்து மாதம் நன்றாகக் குறைந்தது. இப்போது ஒரு மாதமாக அசையவில்லை.

இது எல்லோருக்கும் வரும். உடம்பு சிறுத்துவிட்டதால் முன்பு தேவைப்பட்ட அளவு சாப்பாடு இப்போது தேவையில்லை, பசியோ கூடியிருக்கும். ஒரு வாரம் வாயில் போட்டதை எல்லாம் எழுதுங்கள், குழந்தை மிச்சம் வைத்த பிஸ்கட் உட்பட. அளவு மெல்ல ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்படியும் அசையாவிட்டால், இரண்டு மூன்று மாதம் இதே எடையில் நில்லுங்கள். ஏறாமல் நிற்பதும் வெற்றிதான், இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

இப்போது வந்திருக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

செமாகுளுடைடு, டிர்செபடைடு என்ற மருந்துகளைத்தான் கேட்கிறீர்கள். டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளுடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. குடலில் சுரக்கும் ஹார்மோன் போலச் செயல்பட்டுப் பசியைக் குறைக்கின்றன, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆய்வுகளில் செமாகுளுடைடு 68 வாரத்தில் சராசரியாக நூற்றுக்கு 15 பங்கும், டிர்செபடைடு அதிக அளவில் 72 வாரத்தில் சுமார் 21 பங்கும் எடையைக் குறைத்தன. இவை உண்மையான மருந்துகள், தேவைப்படுகிறவர் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிட யாராவது வெட்கப்படுகிறார்களா?

பொதுவாக பி.எம்.ஐ. 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, பிரஷர் போன்றவையும் சேர்ந்திருந்தால் மருத்துவர் பரிந்துரைப்பார். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் அடிக்கடி வரும். கணைய அழற்சி, பித்தப்பைக் கல் அரிதாக வரலாம். தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களும், கர்ப்பிணிகளும் போடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதையும் ஆய்வில் பார்த்தார்கள். எனவே எத்தனை காலம் போட வேண்டும், மாதம் எவ்வளவு செலவு என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் பியூட்டி பார்லரிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்குவது வேண்டவே வேண்டாம்.

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை?

பி.எம்.ஐ. 35-க்கு மேல் உள்ளவர்களுக்கும், சர்க்கரை போன்றவை கட்டுக்கு அடங்காத, 30-க்கு மேல் உள்ள சிலருக்கும் யோசிக்கலாம். நீடித்த பலன் தருவதில் இதற்கு ஈடு குறைவு. ஆனால் இது பெரிய ஆபரேஷன். இதய, மயக்க மருந்துப் பரிசோதனைகள் முழுதாக முடியாமல், தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். பிறகு ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஒரு மருத்துவரின் கருத்தோடு நிற்காமல் இரண்டாவது கருத்தும் கேளுங்கள்.

கல்யாண வீடு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி?

சாப்பிடுங்கள். முகூர்த்த மாதத்தில் வாரம் மூன்று பந்தி வந்தால்தான் திட்டம் வேண்டும். பாயசமா, ஐஸ்கிரீமா, ஜாங்கிரியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ரசித்துச் சாப்பிடுங்கள். இரண்டாம் முறை பரிமாற வந்தால் சோற்றுக்கு இலையைக் கையால் மறைத்துக்கொண்டு அவியலுக்குத் திறவுங்கள். பிரியாணியில் பீஸையும் வெங்காயப் பச்சடியையும் கூட்டி அரிசியைப் பாதியாக்குங்கள். மறுநாள் பிராயச்சித்தமாகப் பட்டினி கிடக்காதீர்கள்.

வீட்டில் ஒருவர் எடை குறைக்கிறார். நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

இந்தக் கேள்வியை வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிடும். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். "இதச் சாப்பிடலாமாடி நீ?" என்று ஆள் நடுவில் கேட்காதீர்கள். அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், வீட்டுச் சமையலே மாறட்டும். விருந்தாளி, "என்ன, வெயிட் போட்டுட்டியா?" என்று தொடங்கினால் நீங்கள் பேச்சை மாற்றுங்கள். கேலியும் கிண்டலும் எடையைக் குறைப்பதில்லை, ஒளித்துவைத்துச் சாப்பிடும் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன. முக்கியமாக, வளர்கிற பெண் குழந்தையின் உடம்பைப் பற்றி அவள் காதுபட எதையும் சொல்லாதீர்கள்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

நெஞ்சு வலி, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே கடும் வலி, கண் மஞ்சளாவது: இவற்றில் எது வந்தாலும் உடனே. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் 108-ஐ அழையுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்தாலும் அது நல்ல சேதி இல்லை, சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாம் பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், பகலில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொக்குவதும் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை.

எடை குறைக்கத் தொடங்கும் முன்பே சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். தனியாரில் செலவு அதிகம் என்றால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். காலையில் வெறும் வயிற்றோடு போங்கள், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் எடுத்துப் போங்கள்.